துறவுக் கத்தரி

— ஏழு வருஷத்துல ஒரு அடிகூட நகரலையே நீ, தேசிமிர். அதே தூணு. அதே நாத்தம் புடிச்ச ஆட்டுத்தோலு.

— என் கண்ணை எடுத்தவன் நீ, அண்ணே. இப்ப தூணையும் எடுத்துட்டுப் போக வந்தியா?

— வாய் மட்டும் அப்படியே இருக்கு.

— அன்னைக்கு வாய்க்கும் சேத்து ஒரு கம்பியைக் காய்ச்சியிருக்கணும். பாவம், உனக்கு அவசரம்.

— அவசரம் இன்னைக்கும்தான். மதிய ஜெபத்துக்கு மணிக்குப் பதிலா மரப்பலகை தட்டுவாங்களே, அதுக்குள்ள உன் தலைமுடி இந்தக் கல்லுத்தரையில கிடக்கணும். முடி போச்சுன்னா நீ துறவி. துறவி சிம்மாசனத்துல உக்கார முடியாது. அவ்வளவுதான் வேலை. கேக்குதா?

— கேக்குது. செர்பிய நாட்டு ராஜா பெரிஸ்லாவ், ஒரு குருடன் மயிரைச் சிரைக்கிறதுக்கு மூணு நாள் குதிரை ஏறி வந்திருக்கான். வேற வேலை ஒண்ணும் இல்லையா உனக்கு?

— சாமி! நீங்க இந்த மடத்துக்குத் தலைவர்தானே? மெழுகுவர்த்தி மாதிரி ஏன் நிக்கிறீங்க? கத்தரியைக் கொண்டாங்க.

— கொண்டுவந்தாச்சு, அரசே. வேதப்புத்தகத்து மேல இருக்கு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முறையைச் சொல்லணும். அது என் கடமை.

— சொல்லித் தொலைங்க.

— நான் கத்தரியைக் கீழே போடுவேன். துறவு வாங்குறவர் அதைத் தன் கையால எடுத்து என் கையில குடுக்கணும். கேக்குற கேள்விக்குத் தன் வாயால பதில் சொல்லணும். இப்படி மூணு தடவை. மூணாவது தடவை என் கைக்கு வந்ததும் வெட்டிடுவேன். அதுக்கப்புறம் யாராலயும் திருப்ப முடியாது. விதி அதுதான்.

— அந்த விதியை எனக்கே பாடம் எடுக்கிறீங்களா? சபையில எழுதி வச்சவனே நான்தான்.

— ஆமா சாமி, அண்ணன்தான் எழுதி வச்சான். அப்பாவுக்காக எழுதினது. காய்ச்சல்ல கிடந்தாரு கிழவர். எது கை, எது காலுன்னு தெரியாத நிலைமை. இவன் அவரு விரலைப் புடிச்சு கத்தரியில மாட்டி, மூணு தடவை உங்க கையில வச்சான். நாலு நாள் கழிச்சு காய்ச்சல் விட்டு எழுந்து, என் கிரீடம் எங்கேடான்னு கேட்டாரு. அப்ப சபையைக் கூட்டி என்ன சொன்ன, அண்ணே? சொல்லேன். நல்லா ராகமா சொல்லுவே.

— கத்தரி எப்படிக் கை மாறினாலும் மாறினது மாறினதுதான். மனசுல என்ன இருந்துச்சுன்னு கேக்குற வேலை சபைக்கு இல்லை. இப்பவும் அதையேதான் சொல்றேன். அதுல என்ன தப்பு?

— தப்பே இல்லை. அப்பாதான் சாகுற வரைக்கும் ரெண்டு வருஷம் இந்தத் தூணுல என் பக்கத்துல உக்காந்து, சாப்பாட்டுக்கு முன்னாடி உன்னைத் திட்டுவாரு. ஜெபத்தை மறந்தாலும் அதை மறக்க மாட்டாரு.

— கிழவனுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணுமில்ல. எங்கம்மாவை அவன் என்ன பண்ணினான், அதைச் சொன்னானா உங்கிட்ட? உங்கம்மா வைர மோதிரம் போட்டுக்கிட்டு வாசப்படி ஏறுறா. அதே நாள் எங்கம்மாவை உக்கார வச்சுத் தலைமுடியை வெட்டி, கருப்புத்துணி போத்தி, மலை மடத்துக்கு வண்டி ஏத்திட்டான். எனக்கு எட்டு வயசு. தரையில கிடந்த முடியை வேலைக்காரி விளக்குமாத்தால கூட்டித் தள்ளினா. அன்னைக்குக் கத்துக்கிட்டேன், வாளைவிட இது சுலபம்னு.

— அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அப்ப நான் பொறக்கவே இல்லை.

— பொறந்தியே அப்புறம். அதான் நீ பண்ணினது.

— சரி, விடு. கதவுகிட்ட யாரு நிக்கிறா? மூச்சு விடுற சத்தம் கேக்குது.

— ஓப்ராத். பிரபு ஓப்ராத். டேய் ஓப்ராத், அங்கேயே நில்லு. வாளை முன்மண்டபத்துலதானே வச்ச? என்னுதும் அங்கேதான் கிடக்கு, கோயிலுக்குள்ள வாள் ஆகாதுன்னு இந்தச் சாமி ஒரே பிடிவாதம். கேளு, நீதான் சாட்சி. கத்தரி எத்தனை தடவை சாமி கைக்குப் போகுதுன்னு எண்ணு. நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதே. அப்புறம் முற்றத்துல இருக்கிற பிரபுக்கள்கிட்ட போயி உள்ளது உள்ளபடி சொல்லணும். மிரட்டி வெட்டினான்னு எவனும் நாளைக்குப் பேசக்கூடாது. கேக்குதா?

— ஓப்ராத்தா? இவன் மகனைத்தானே போன அறுவடைக்கு வாதுமை மரத்துல தொங்கவிட்ட?

— என் காட்டுல என் மானை அடிச்சான்.

— ஒரே மகன்.

— எனக்கும் அது ஒரே மான்தான். நல்ல கொம்பு. அன்னைக்கு ஓப்ராத் என்ன பண்ணினான்? மரத்தடியில நின்னு தொப்பியைக் கழட்டினான், அவ்வளவுதான். நாயை எப்படிப் பழக்கணும்னு எனக்குத் தெரியும்.

— அது சரி. ஏழு வருஷம் என் நினைப்பே இல்லாம இருந்துட்டு, இப்ப என்ன திடீர்னு?

— ஊரு வாய் சும்மா இல்லை. தேசிமிருக்குக் கண்ணு திரும்பிடுச்சாம். புனிதர் கல்லறையில நெத்தியை வச்சானாம், ஒளி வந்துச்சாம். ஈபர் ஆத்தங்கரை பூரா இதே பேச்சு. சந்தையில வெங்காயம் விக்கிறவ என் குதிரைக்காரன்கிட்டயே சொல்றா! குருடனை எவனும் ராஜாவாக்க மாட்டான். கண்ணு வந்தவனை ஆக்குவான். முற்றத்துல நூத்தி இருபது பேர் உக்காந்து ஆட்டுக்கறியைக் கடிச்சுக்கிட்டு உன்னைப் பத்தித்தான் குசுகுசுங்கிறானுங்க.

— கண்ணு வந்தா முதல்ல உன் மூஞ்சியில முழிக்கணும். அதுக்குப் போயி நான் வேண்டிக்குவேனா?

— அதைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறேன். நீ நெசமாவே குருடன்னா முடியோட போச்சு. இங்கேயே கிடந்து சாவு. கண்ணு இருக்குன்னு தெரிஞ்சா முடி வெட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. கண்ணு உள்ள துறவி ராத்திரியோட ராத்திரியா குதிரை ஏறி ஹங்கேரிக்காரன்கிட்ட ஓடிடுவான்.

— அப்ப?

— ஆத்துப் பாலத்துல என் காவல் குதிரைக்காரனுங்க நாப்பது பேர் நிக்கிறானுங்க. வேற மடத்துக்கு மாத்துறோம்னு உன்னை வண்டி ஏத்துவேன். பனி உருகி ஆறு கரை ததும்ப ஓடுது. பாலம் வழுக்கும். குருடன், பாவம், கால் தவறிட்டான். கத்தரியை எடுக்க மாட்டேன்னு அடம் புடிச்சாலும் அதே வண்டிதான்.

— நாப்பது பேரா, ஒரு குருடனைத் தள்றதுக்கு! மொத்தக் காவலும் அங்கேயா?

— மொத்தமும். உன் விஷயத்துல ஓட்டை வைக்கக் கூடாது பாரு. சாமி, போடுங்க கத்தரியை.

— போடுறேன், அரசே. இது முதல் தடவை.

— விழுந்துடுச்சு. எடுத்துக் குடு, தேசிமிர்.

— எங்கே விழுந்துச்சு?

— கல்லுல கணீர்னு கேட்டுச்சே. காதும் போச்சா?

— இந்தக் கோயில்ல இருமினாலே நாலு சுவரும் திருப்பி இருமுது. கொஞ்சம் பொறு, தடவிப் பாக்குறேன்.

— இரு, இரு! பாத்தேன். உன் கை நேரா அதுகிட்ட போச்சு. ரெண்டு விரக்கடை இருக்கும்போது நிறுத்திட்ட.

— சத்தம் வந்த பக்கம் போச்சு. நீ கத்தினதும் நின்னுச்சு.

— அதான் கோளாறு. சத்தம் வந்தா எந்தக் குருடனும் கண்டுபுடிச்சிடுவான். தள்ளு அந்தப் பக்கம். நானே எடுக்கிறேன். இந்தாங்க சாமி, புடிங்க. இந்தத் தடவை கம்பளத்து மேல போடுங்க. பூனை நடக்கிற மாதிரி, ஒரு சத்தம் வரக்கூடாது.

— வாங்கிட்டேன், அரசே. கேள்வியைக் கேக்கணும். இது சொந்த விருப்பத்தோட நடக்குறதுதானே?

— என் விருப்பம் இல்லாம இந்த நாட்டுல எது நடக்குது? போடுங்க.

— போடுறேன், அரசே. இது ரெண்டாவது.

— இப்ப தேடுடா.

— தேடுறேன். இது கம்பளம். இது என்ன, தோலு? கொழுப்புத் தடவின தோலு. உன் காலா அண்ணே?

— என் காலுதான். கையை எடு.

— நல்ல தோலு. யாரை உரிச்சது?

— தேடுறா!

— இது மெழுகுவர்த்தித் தண்டு. சூடு. இது துணி. சாமி, உங்க அங்கியா?

— என் அங்கிதான், மகனே.

— கத்தரி அந்தாண்டை கிடக்கு! ரெண்டு தடவை தாண்டிப் போயிட்ட. அடேயப்பா, என்னமா நடிக்கிற. கரடி ஆட்டுறவன்கிட்ட சேந்திருந்தா நல்லா சம்பாதிச்சிருப்ப. இரு. அப்படியே முட்டி போட்டபடி இரு. அசையாதே.

— ஏன்? என்ன பண்றே?

— ஒண்ணும் பண்ணலை. மூஞ்சியை இப்படித் திருப்பு. ம். அப்படியே.

— அரசே, வேண்டாம்.

— நீங்க பேசாதீங்க சாமி! அவனுக்குச் சாடை காட்டுறீங்களா?

— என்ன, ரெண்டு பேரும் மூச்சே விடாம நிக்கிறீங்க? அண்ணே, இவ்வளவு கிட்ட வராதே. காலையில பூண்டு தின்னிருக்க. நாறுது.

— இமை அசையலை.

— என்னது?

— கத்தரி முனையை உன் கண்ணுக்கு நேரா புடிச்சிருக்கேன். நடுவுல ஒரு கோதுமை மணிதான் வைக்கலாம். இமை அசையலைடா உனக்கு.

— அசையுறதுக்கு அங்கே என்னத்தை விட்டு வச்ச நீ?

— குருடன்! நெசமான குருடன்! ஓப்ராத், பாத்தியா? வாயைத் திறக்காதே, தலையாட்டு போதும். அந்த வெங்காயக்காரி நாக்கை அறுத்து அவ கூடையிலயே போடுறேன். மூணு மாசமா தூக்கம் இல்லை எனக்கு, ஒரு சந்தைக்காரி பேச்சைக் கேட்டு! இந்தாங்க சாமி, இதை வாங்கிக்குங்க. என் கையில இருந்தா சந்தோஷத்துல குத்திப்புடுவேன்.

— வாங்கிட்டேன். யாரோட கட்டாயமும் இல்லையே, அரசே?

— என்னைக் கட்டாயப்படுத்த எவன் பொறந்திருக்கான்? சும்மா சும்மா இதே கேள்வியா?

— ஒவ்வொரு தடவையும் கேக்கணும், அரசே. விதி அதுதான்.

— சாமி, எத்தனை தடவை போட்டிருக்கீங்க இதுவரைக்கும்?

— ரெண்டு, மகனே. இன்னும் ஒண்ணு பாக்கி.

— மூணோ முப்பதோ. அவன் எடுக்கிற வரைக்கும் போடுங்க சாமி.

— அப்பாவுக்கும் நீங்கதானே வெட்டினீங்க?

— நான்தான். பின்னால உங்க அண்ணன் நின்னாரு. கை நடுங்கிச்சு எனக்கு. கத்தரி காதுல பட்டு ரத்தம் வந்துச்சு. இன்னும் அந்தக் கறை என் அங்கியில இருக்கு. துவைச்சும் போகலை.

— என்ன பேரு வச்சீங்க அவருக்கு?

— யோவானிக்கி. முடி வெட்டினா புதுப் பேரு வைக்கணும். பழைய பேரு செத்துப் போயிடும்.

— ஒப்பாரி போதும். இவனுக்கும் ஒரு பேரை யோசிச்சு வைங்க. எலிக்கு வைக்கிற மாதிரி சின்னதா. போடுங்க, சாமி. கல்லு மேலயே போடுங்க, இனி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

— மூணாவது, அரசே.

— இந்தா, இப்ப கிடைச்சிடுச்சு அண்ணே. அட, இத்துனூண்டுதான் இருக்கு. ஆட்டுக்கு மயிர் வெட்டுறதே இதைவிடப் பெருசு.

— குடு சாமிகிட்ட.

— இரு. சுவத்துல அப்பா படம் எந்தப் பக்கம்? வலது கைப் பக்கம்தானே? கோயிலைக் கையில ஏந்திக்கிட்டு நிப்பாரு. அவரு முட்டிகிட்ட நீயும் நானும். உன் மூக்கை எழுதுறவன் கொஞ்சம் நீட்டிட்டான்னு நீ அழுதியே.

— உன் உருவத்துக்குச் சுண்ணாம்பு பூசியாச்சு. நாலு வருஷம் ஆச்சு.

— அப்படியா? எங்கிட்ட யாரும் சொல்லலையே.

— குருடன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? குடு கத்தரியை.

— குடுக்க மாட்டேன்.

— என்ன?

— வேணும்னா போய் எடுத்துக்கோ. இந்தா!

— டேய்!

— எங்கே போய் விழுந்துச்சு? படத்துப் பக்கம்தான் கேட்டுச்சு. உன் மூக்குல பட்டிருந்தா எனக்குச் சந்தோஷம்.

— நாயே! கோயிலாச்சேன்னு பாக்குறேன்.

— நானும் கோயிலாச்சேன்னுதான் உன் மேல எறியலை. என் கையால எடுத்துக் குடுப்பேன்னு நினைச்சியா? சாயங்காலம் வரைக்கும் எறிவேன். நீ சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கு. ராஜா கோழி மாதிரி தரையைக் கொத்துறான்னு ஓப்ராத் போய் முற்றத்துல சொல்லட்டும்.

— வண்டியைப் பூட்டச் சொல்லட்டுமா? பாலத்துக்குப் போறியா?

— சொல்லு. அதுக்கு முன்னாடி நூத்தி இருபது பேருக்கு நடுவுல நடந்து போகணும் நான். போகும்போது கத்திக்கிட்டே போறேன். முடியே வெட்டலை, பெரிஸ்லாவுக்கு ஒரு குருடன் கையைக்கூட அசைக்கத் தெரியலைன்னு. கறி தின்னுக்கிட்டே சிரிப்பானுங்க.

— அரசே, பலகை தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. மதியம் ஆயிடுச்சு. பிரபுக்கள் எல்லாரும் கதவுக்கு வந்துடுவாங்க.

— தட்டட்டும்! எங்கே அந்த எழவு... இந்தா, இங்கே கிடக்கு. அப்பன் கையைப் புடிச்சுக் குடுக்க வச்சேன், அது செல்லும்னா இதுவும் செல்லும். எவன் கையால வந்தா என்ன? புடிங்க சாமி! மூணாவதும் வந்தாச்சு. வெட்டுங்க!

— உங்க கையால குடுக்கிறீங்க. வெட்டச் சொல்லி உங்க வாயாலயே கேக்குறீங்க, அப்படித்தானே?

— ஆமா! ஆமா! எத்தனை தடவை சொல்றது? வெட்டுங்க! ஓப்ராத், இப்ப வாயைத் திற. கத்தரி எத்தனை தடவை சாமி கைக்குப் போச்சு?

— மூணு.

— முடிஞ்சுது. வேலையைப் பாருங்க சாமி.

— ஓப்ராத், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுப்பா.

— கதவை எதுக்குச் சாத்துறீங்க? அவன் தலை அங்கே இருக்கு, தூணுகிட்ட. ஏன் என் பின்னால வந்து நிக்கிறீங்க? ஓப்ராத், நீ ஏன் உள்ளே வர்றே? உன்னை யாரு கூப்பிட்டது?

— உள்ளது உள்ளபடி சொல்லச் சொன்னீங்க, அரசே. மூணு தடவையும் கத்தரியை எடுத்தது நீங்க. மூணு தடவையும் சாமி கையில குடுத்தது நீங்க. மூணு கேள்விக்கும் வாய் திறந்து பதில் சொன்னது நீங்க. அவரு ஒரு தடவைகூடக் குடுக்கலை. அப்படியேதான் முற்றத்துல போய்ச் சொல்லப் போறேன்.

— பைத்தியமாடா உனக்கு? அவனுக்காகக் குடுத்தேன்! என் மனசுல...

— மனசுல என்ன இருந்துச்சுன்னு கேக்குற வேலை சபைக்கு இல்லை, அண்ணே.

— காவல்! டேய், காவல்! எவன்டா வெளியே?

— எல்லாரும் பாலத்துல. மொத்தமும். எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறானுங்க, பாவம்.

— தோளை விடுடா! தேசிமிர்... தம்பி, கேளு. நீ குருடன். உன்னை எவனும் ராஜாவாக்க மாட்டான்.

— தெரியும். அந்த நாற்காலிக்கு அந்த நூத்தி இருபது பேரும் அடிச்சுக்கட்டும். இந்தத் தூணுல ரெண்டு பேர் சாயலாம். ஆட்டுத்தோலு மட்டும் என்னுது.

— ஓப்ராத், உனக்கு என்ன வேணும்? நிலமா? கோட்டையா? கேளு, தர்றேன்!

— குனிங்க, அரசே. என் மகன் கழுத்தைவிட உங்க கழுத்து தடியா இருக்கு. ரெண்டு கையாலயும் அழுத்த வேண்டியிருக்கு.

— தலையை ஆட்டாதீங்க, சகோதரர் யோவானிக்கி. உங்க அப்பாவுக்கு வெட்டினப்ப என் கை நடுங்கிச்சு. இன்னைக்கு நடுங்கலை.